அருகிலிருக்கும் மொழியின் தொலைவு

மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு; தமிழில் அது விரைவு. மலையாளத்தில் 'பரிசீலனம்' என்றால் பயிற்சி. தமிழில் 'பரிசீலனை' என்பது ஆராய்ந்து பார்த்தல். கட்டணமில்லை என்பதை மலையாளம் 'சௌஜன்யம்' என்கிறது; இன்றைய தமிழ் இளைஞருக்கு அச்சொல்லே அந்நியம். இலவசத் தொழிற்பயிற்சிக்கான ஓர் அறிவிப்பில் இம்மூன்று சொற்களும் ஒருங்கே வரக்கூடும். இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவர், எழுத்துக்கூட்டிப் படித்தாலும்கூட, அவ்வறிவிப்பின் பொருளைத் தவறவிட இடமுண்டு.

இரு மொழிகளின் நெருக்கமே இங்கு சிக்கலாகிறது. கடைத்தெருவிலும் பேருந்திலும் தடையின்றி மலையாளம் பேசும் இளைஞருக்குப் பயிற்சி வகுப்பின் மலையாளமும் எளிதாகவே இருக்கும் எனத் திட்டம் தீட்டுவோர் கருதிவிடுகின்றனர். அன்றாட உரையாடல் திறனும் கல்விசார் மொழித்திறனும் வெவ்வேறானவை என்பதை 1979இலேயே ஜிம் கம்மின்ஸ் வேறுபடுத்திக் காட்டினார். முதலாவது கைவந்திருப்பதைக் கண்டு இரண்டாவதும் இருப்பதாக முடிவுசெய்வது, குடியேறியோர் பிள்ளைகளின் கல்வியில் உலகெங்கும் நிகழும் பிழை. முற்றிலும் வேறான மொழி பேசுவோருக்கு உதவி தேவை என்பது எவர் கண்ணுக்கும் தெரியும். அண்டைமொழி பேசுவோரின் தேவை கண்ணில் படுவதில்லை.

சட்டம் இத்தேவையை ஓரளவு அறிந்தே இருக்கிறது. அரசமைப்பின் 350அ உறுப்பு தாய்மொழிக் கல்வியைத் தொடக்கநிலை அளவில் வலியுறுத்துகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளவும் அம்மொழியிலேயே விடைபெறவும் வழிசெய்கிறது. ஆயினும் பள்ளிக்கும் பணிக்கும் இடைப்பட்ட பதினாறு முதல் இருபது வயதுவரையான காலத்தை இவ்விரண்டும் நேரடியாகத் தொடவில்லை. மேனிலை வகுப்பில் பாடமொழி பெரிதும் ஆங்கிலமாகிறது. 2012இல் தொடங்கிய அசாப் திறன் திட்டமும் ஆங்கிலத் தொடர்புத்திறனுக்கே முதன்மை தந்தது.

தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் இதன் விளைவு கடுமையானது. லயத்து வீடு தோட்ட வேலையோடு பிணைந்தது; பெற்றோர் ஓய்வுபெறும்போது குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் இல்லையெனில் வீட்டைக் காலிசெய்ய வேண்டிவரும். பயிற்சியைப் பாதியில் விட்டவருக்கு மீண்டும் தோட்டமே எஞ்சுகிறது. ஊக்கத்தொகை கிடைத்தும் பயன் இல்லாது போகிறது.

கேரளத்தில் வாழ்வோர் மலையாளம் கற்க வேண்டாமா என்ற வினா எழலாம். கட்டாயம் கற்கத்தான் வேண்டும். பாலக்காட்டிலோ கொச்சியிலோ வேலை பெற அம்மொழி இன்றியமையாதது. அதனாலேயே அதைத் தெரிந்ததாகக் கொள்ளாமல் கற்பிக்க வேண்டியுள்ளது. கட்டப்பனை, மலம்புழை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தமிழ்வழி மாணவருக்கு முதல் மூன்று மாதம் தொழில்சார் மலையாளத்தைத் தமிழின் துணையோடு கற்பிக்கலாம். 'அவசரம்' போன்ற மயக்கச் சொற்களின் பட்டியலிலிருந்தே அப்பாடத்தைத் தொடங்கலாம். சென்னையிலுள்ள தேசியப் பயிற்றுக் கருவி நிறுவனம் தொழிற்பிரிவு நூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது; அவற்றை மலையாள நூல்களோடு இணைத்து வழங்கலாம். சேர்க்கை அறிவிப்பையும் விண்ணப்பத்தையும் தமிழிலும் தருவது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்தோடு இயைந்ததே.

மொழியியல் துறைகளுக்கும் இதில் பங்குண்டு. தமிழ்-மலையாள உறவு நெடுங்காலமாக வரலாற்றுப் பொருளாகவே ஆராயப்பட்டுவருகிறது. அந்த அறிவைக் கொண்டு எல்லைப்புற மாணவருக்கு ஒரு பயிற்சிக் கையேடு ஆக்குவது பெருஞ்செலவு கோரும் பணியன்று; ஆய்வேடுகளுக்கு இணையான மதிப்பைப் பல்கலைக்கழகங்கள் அதற்கு அளித்தால் போதும்.