சிறுமலரும் எங்கள் அப்பாயியும்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி



துன்பம் வரும்போது கடவுளைத் தேடாதார் யார்? அரசுத் தேர்வு நெருங்கிவிட்டால் நம் சிற்றாலயத்தில் முழந்தாளிட இடம் கிடைப்பதில்லை. கணக்குத் தேர்வன்று மெழுகுவர்த்திகள் இரு மடங்காகிவிடுவதையும் நாம் அறிவோம்! அப்பாவுக்கு வேலை நிலைக்க வேண்டும், அம்மாவின் வயிற்றுவலி தீர வேண்டும், அக்காவுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளாத குடும்பம் நம்மில் எத்தனை? இந்துத் தோழியர் வீடுகளிலிருந்தும் ஆரோக்கிய அன்னைக்கு முடி காணிக்கை செலுத்தச் செல்கிறார்கள். இதில் குறை கூற ஒன்றுமில்லை. பிள்ளை தாயிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்பது?

ஆனால் கேட்டது கிடைக்காவிட்டால்? அப்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. “உங்களுக்கு விசுவாசம் போதாது” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நோயாளியின் கட்டிலருகே நின்றுகொண்டு இவ்வாறு பேசுவோரைக் கண்டால் எனக்குச் சினம் பொங்குகிறது. நோயோடு பழியையும் சேர்த்துச் சுமக்கச் சொல்வது என்ன ஆறுதலோ!

விசுவாசம் குறைந்தவருக்கே துன்பம் நீங்காது என்றால், கெத்சமனித் தோட்டத்தில் நடந்ததற்கு என்ன பொருள் சொல்வது? துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலும்படி இயேசு பெருமான் மும்முறை மன்றாடினார் என்று மத்தேயு எழுதுகிறார். கிண்ணம் அகலவில்லை. வானதூதர் ஒருவர் தோன்றி அவரைத் திடப்படுத்தினார் என்று லூக்கா எழுதுகிறார். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. புனித பவுலும் தம் உடலில் தைத்த முள் நீங்க வேண்டுமென்று மும்முறை வேண்டினார். முள் இருந்தபடியே இருந்தது, தாங்கும் அருள் கிடைத்தது. கிறிஸ்தவ விசுவாசம் தரும் ஆறுதல் பெரும்பாலும் இவ்வகையினது என்பதே என் கருத்து.

“அவர்கள் எங்கே, நாம் எங்கே?” என்று நீங்கள் கேட்கலாம். ஆகவே நம் வயதுப் பெண் ஒருவரிடம் உங்களை அழைத்துச் செல்கிறேன். கையில் ரோஜா மலர்களும் பாடுபட்ட சுரூபமும் ஏந்தி நிற்கும் சிறுமலர் தெரேசாவைத் தெரியாதவர் நம்மில் இல்லை. நம் நாட்டில் எத்தனையோ பள்ளிகள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1873-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தவர். நான்கு வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1888 ஏப்ரல் 9-ஆம் நாள் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. நம் வயதேதான்!

மடத்தில் சேர்ந்தபின் கவலையற்ற வாழ்வு என்று எண்ணிவிட வேண்டாம். ஓராண்டு நிறைவதற்குள், 1889 பிப்ரவரியில், அவருடைய அன்புத் தந்தை நினைவு தடுமாறி, கான் நகரில் மனநோயாளரைப் பேணும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். மகளோ அடைபட்ட மடத்தில். போய்ப் பார்க்கவும் வழியில்லை. அவர் செபிக்காமலா இருந்திருப்பார்?

தெரேசா வாழ்ந்த அன்றாட வாழ்வுதான் என்னை மிகவும் கவர்கிறது. தியான வேளையில் ஒரு சகோதரி ஓயாமல் ஏதோ ஒரு சத்தம் எழுப்புவாராம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றுவிடும். (நம் படிப்பு நேரத்தில் பேனாமூடியைத் தட்டும் தோழியை நாம் எப்படிப் பார்ப்போம்!) தெரேசா திரும்பவில்லை. உடல் வியர்க்க வியர்க்க அடக்கிக்கொண்டு, அச்சத்தத்தையே ஓர் இன்னிசையாகப் பாவித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்றவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்க அடிப்பார், அங்கேயும் விலகவில்லை. இன்னும் ஒன்று: முடவாதத்தால் துன்புற்ற முதிய சகோதரி ஒருவரை நாள்தோறும் மாலையில் சாப்பாட்டு அறைக்கு அழைத்துச் செல்லும் வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாக நடந்தால் ‘விழத் தள்ளுகிறாய்’ என்பார் அந்த முதியவர்; மெதுவாக நடந்தால் ‘பிடியை விட்டுவிட்டாய்’ என்பார். கொண்டுபோய் உட்கார வைத்து, அவர் கைகள் முடங்கியிருந்ததால் ரொட்டியையும் துண்டாக்கிக் கொடுத்து, ஒரு புன்னகையும் தந்துவிட்டே தெரேசா திரும்புவார்.

அந்த முதியவரைப் பற்றிப் படித்தபோது எங்கள் வீட்டைப் பற்றியே எழுதியிருக்கிறார்களோ என்று நினைத்தேன். என் அப்பாயி பக்கவாதத்தில் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நினைவும் தவறிவிட்டது. என்னை அத்தையின் பெயர் சொல்லி அழைப்பார். சாப்பிட்டுக் கை கழுவியதும், “எனக்கு யாரும் சோறு போடலை” என்று அழுவார். அம்மா பகலெல்லாம் தையல் எந்திரத்தில். இரவெல்லாம் அப்பாயியின் கட்டிலருகில். நான் வேதியியல் புத்தகத்தை விரித்தால் சரியாக அந்நேரம் குரல் வரும்.

குணமாக வேண்டும் என்று நாங்கள் செய்யாத நவநாள் இல்லை. குணமாகவில்லை. ஆனால் ஒன்று கண்டோம். எல்லாம் மறந்த அப்பாயிக்கு, சிறுவயதில் பழைய தமிழில் கற்ற மங்கள வார்த்தை செபம் மட்டும் மறக்கவில்லை! நான் செபமாலையை எடுத்தால் முதல் பாதியை அவரே தொடங்குவார். மறுபாதியை நான் சொல்வேன். மூன்றாம் பத்துக்குள் தூங்கிவிடுவார். பல நாள்களில் நானும் கட்டில் காலில் சாய்ந்து தூங்கிப்போவேன். செபத்தில் தூங்குவது பற்றித் தெரேசாவும் எழுதியிருக்கிறார்: விழித்திருந்தாலும் உறங்கினாலும் பெற்றோருக்குப் பிள்ளை பிள்ளைதானே என்பது அவர் எண்ணம். அந்த அரைமணி நேரம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கடிந்துகொள்வதில்லை. அமைதி என்று நான் அறிந்தது அதைத்தான்.

என் இந்துத் தோழி ஒருத்தி கேட்டாள்: “இவ்வளவு வேண்டியும் உங்கள் பாட்டிக்குச் சரியாகவில்லையே, பிறகு எதற்கு?” நியாயமான கேள்வி. மருந்துக்குப் பதிலாக நாங்கள் செபிக்கவில்லை. மாத்திரையையும் உடற்பயிற்சியையும் அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. செபம் அப்பாயியின் கையை நீட்டவில்லை. எங்கள் கைகளைச் சோர்ந்துவிடாமல் காக்கிறது என்றேன். அவள் முழுவதும் ஒத்துக்கொண்டாளா என்பது தெரியாது. மறுவாரம் அவளே வந்து அப்பாயிக்குத் தலைவாரி விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனுடைய மனைவியிடம் போய், “இது உன் சிலுவை, பொறுத்துக்கொள்” என்று உபதேசிப்பதற்குச் சிறுமலரைத் துணைக்கு அழைக்கக் கூடாது. முதுமையும் நோயும் யாருடைய குற்றமும் அல்ல, அடிப்பது குற்றம். தெரேசா பொறுத்தது சத்தத்தையும் அழுக்குத் தண்ணீரையும். அநியாயத்தை நியாயம் என்று அவர் சொன்னதில்லை.

இன்னொன்று. விசுவாசிகளுக்கு எப்போதும் மனம் குளிர்ந்தே இருக்கும் என்பதும் உண்மையன்று. காசநோயால் வாடிய தெரேசாவுக்கு, 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் தொடங்கி இறக்கும்வரை, விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற இருள் நெஞ்சைக் கவ்வியிருந்தது. அந்த இருளிலும் செபித்தார், வேலை செய்தார். 1897 செப்டம்பர் 30-ஆம் நாள் 24 வயதில் இறந்தார். 1925-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. 1997-இல் மறைவல்லுநர் என்ற பட்டமும் அளித்தது. ஆறுதல் உணர்ச்சி வரவில்லையே என்று தவிக்கும் தோழியரே, நீங்கள் தனியாக இல்லை!

மார்ச்சு மாதத்தில் எங்களுக்கு அரசுத் தேர்வு. அந்த இரவுகளிலும் அப்பாயி அழைக்கத்தான் போகிறார். அம்மாவும் நானும் இப்போதே முறை பிரித்துக்கொண்டோம்: பதினொரு மணி வரை நான், அதன்பின் அம்மா. செபமாலை மட்டும் இருவரும் சேர்ந்தே.