புல்தரையும் புல்வெளியும் ஒன்றல்ல

கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடியின் உச்சிச் சரிவுகள் தென்படும். அங்கே விரிந்திருப்பது இயற்கையான புல்வெளி. அதன் மடிப்புகளில் சோலைக்காடு. அதே மலையின் அடிவாரத்தில், விதுரா, பாலோடு வட்டாரத்து விடுதிகளிலும் அலுவலகங்களிலும் கல்வி வளாகங்களிலும் விரித்துவைத்திருப்பது புல்தரை. இரண்டையும் 'புல்வெளி' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இது வெறும் சொற்குழப்பம் அன்று. மேலே உள்ளதை வெற்றிடம் என்றும் கீழே உள்ளதை இயற்கை என்றும் கருதும் மனப்பழக்கத்துக்கு இதிலும் ஒரு வேர் உண்டு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிவாரத்து வளாகங்களில் உள்ள புல்தரைகளில் ஒரு பகுதியையேனும் பூச்செடிகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். உச்சியில் உள்ள புல்வெளியில் 'அழகுபடுத்தல்' என்ற பெயரில் ஒரு பூச்செடிகூட நடக் கூடாது.

இந்தப் பழக்கத்தின் வரலாறு நீலகிரியில் தெளிவாகத் தெரியும். 1848இல் மெக்ஐவர் பொறுப்பில் உதகை தாவரவியல் பூங்கா உருவாகத் தொடங்கியது. அதன் வெட்டிச் சீராக்கிய புல்தரை இன்றும் பயணிகளின் வியப்புக்குரியது. ஆனால் அதே மலையில் பன்னெடுங்காலமாக இருந்த இயற்கைப் புல்வெளிகள் பயனற்ற நிலமாகக் கருதப்பட்டு, சீகை மரத்துக்கும் தைல மரத்துக்கும் இரையாயின.

வளாகப் புல்தரையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு புல்தான். இங்கே நாற்றுப்பண்ணைகளில் பஃபலோ புல் என்று விற்கப்படுவது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் அடிக்கடி வெட்ட வேண்டும், மாசி பங்குனியில் நீர் பாய்ச்ச வேண்டும், ஆண்டு முழுவதும் களை பிடுங்க வேண்டும். அந்தக் களைகள் எவை என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். முக்குற்றி, விஷ்ணுகிராந்தி, நிலப்பனை, கரிசலாங்கண்ணி, பூவாங்குறுந்தல், முயல்செவியன், சிறுபீளை. இவை அனைத்தும் கேரளத்தின் தசபுஷ்பத்தில் இடம்பெறுபவை! கர்க்கடக மாதத்திலும் திருவாதிரையிலும் பெண்கள் தலையில் சூடும் பத்துச் செடிகளின் தொகுதி அது. சிறுபீளையை நாமும் பொங்கல் காப்புக்கட்டில் கூரையில் செருகுகிறோம். பத்தில் ஒன்று அருகம்புல். அதையும் பஃபலோ புல்லுக்கு இடையூறு என்று பிடுங்குகிறோம். இச்செடிகளை அடையாளம் காண எனக்குக் கற்றுத்தந்தவர்களில், நாட்கூலிக்குக் களையெடுக்கும் பெண்கள் முதன்மையானவர்கள். பெயரையும் பயனையும் சொல்லிக்கொண்டே அவர்கள் அவற்றைப் பிடுங்கிப் போடுகிறார்கள். ஓணத்துக்கோ தோவாளைச் சந்தையிலிருந்து செவ்வந்தியும் கேந்தியும் லாரி ஏறுகின்றன. தோவாளை விவசாயிக்கு அது நல்லதே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் காலடியில் கிடக்கும் முக்குற்றியை வெட்டுப்பொறிக்குக் கொடுத்துவிட்டுப் பூக்களத்தின் மரபு பற்றிக் கருத்தரங்கு நடத்துவதில் ஏதோ முரண் இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1772 முதல் பேணப்பட்டுவந்த புல்தரையின் ஒரு பகுதி 2019இல் காட்டுப்பூ நிலமாக மாற்றப்பட்டது. 2023இல் வெளியான ஆய்வு, அங்கே தாவரங்கள், சிலந்திகள், பூச்சிகள் ஆகியவற்றின் இனவகை புல்தரையைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருப்பதைக் காட்டியது. வெட்டுவதும் உரமிடுவதும் குறைந்ததால் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 1.36 டன் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு மிச்சமாகும் என்று கணக்கிட்டனர். குளிர்நாட்டின் எண்களை இருபருவ மழை பெறும் மலையடிவாரத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே அளக்க வேண்டியவர்கள் நாம்தான்; ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குள் அடங்கும் பணி அது.

எந்தப் பூ என்பதில்தான் பெரும் பிழை நேரக்கூடும். உண்ணிச்செடி அழகுச் செடியாகவே இந்தியாவுக்குள் நுழைந்தது. இன்று காடுகளில் அதன் ஆட்சி. சிங்கப்பூர் டெய்சி எனப்படும் மஞ்சள் பூக்கொடி, தரையை மூடும் அலங்காரமாக வந்து கேரளத்துச் சாலையோரங்களையும் நீரோடைக் கரைகளையும் பிடித்துக்கொண்டது. உண்ணிப்பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறதே என்று கேட்பார்கள். தேன் குடிக்க வருகிறது, உண்மைதான். ஆனால் தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான கருட சலபம் முட்டையிட ஈசுவரமூலிக் கொடியையும் அதன் உறவுக் கொடிகளையும் தேடுகிறது. புழுவுக்கு இலை இல்லாத தோட்டம் வழிப்போக்கருக்கான தேநீர்க்கடை மட்டுமே. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் ஓரத்தில் வாழும் நமக்கு, அயல்செடிகளைத் தவிர்ப்பது வெறும் ரசனை சார்ந்த தெரிவு அன்று.

பாம்பு வரும் என்ற அச்சம் நியாயமானது. விடுதி மாணவிகள் இரவில் நடக்கும் வழியில் உயர்ந்த புதர் கூடாது. நடைபாதையின் இருமருங்கும் இரண்டு மீட்டர் வெட்டிய புல் இருக்கட்டும். விளையாடும் திடலும் அமர்ந்து பேசும் இடமும் அப்படியே இருக்கட்டும். யாரும் கால் வைக்காத, பார்வைக்கு மட்டுமே பச்சையாக உள்ள சரிவுகளையும் கட்டட முகப்புகளையும்தான் கேட்கிறேன். அவற்றில் களைக்கொல்லியை நிறுத்தி, விதை உதிர்ந்தபின் தை மாதத்தில் ஒருமுறை மட்டும் வெட்டினால், முதலாண்டில் நடவேகூடத் தேவைப்படாது. எதை நடலாம் என்று பின்னர் கேட்க, 1979 முதல் வெப்பமண்டலத் தாவரங்களைப் பேணிவரும் ஜவாஹர்லால் நேரு தாவரவியல் பூங்கா பாலோட்டிலேயே இருக்கிறது. இடவப்பாதி மழைக்கு முன் எந்தச் சரிவை விடுவது என்று முடிவானால் போதும். களையெடுக்கும் பெண்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.