வருஷத்துக்கு ஒன்று போதும்!

கொலுவுக்கு வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்கணும் என்பது பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்த வழக்கம். அதே மாதிரி, படிக்குக் கீழே நாம் போடுகிற பார்க்குக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு பொருள் நம் கையால், அளவெடுத்துச் செய்து சேர்க்கிற வழக்கம் வந்தால் என்ன? இதைப் பற்றித்தான் சகோதரிகளோடு பேச ஆசைப்படுகிறேன்.

பார்க் என்றால் எல்லோருக்கும் தெரியும். மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு என்று எங்கே கொலுவுக்குப் போனாலும் பார்க்கலாம். மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்க வைத்துப் புல்வெளி, முகம் பார்க்கிற கண்ணாடியில் குளம், தெர்மாகோலில் கோயில், சாயம் போட்ட மரத்தூளில் தோட்டம். ராத்திரி கண் விழித்து, முதுகு வலிக்க வலிக்கச் செய்கிறோம். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தாச்சு என்றால், மறுநாள் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றுகிறோம். பார்க் மட்டும் முறத்தில் அள்ளப்பட்டுக் குப்பைக்குப் போகிறது. வாங்கின பொம்மைக்குப் பெட்டி உண்டு, நாம் செய்ததற்குக் கிடையாது! என் அம்மா எத்தனை நவராத்திரிக்குப் பார்க் போட்டிருப்பார் என்று கணக்கே இல்லை. அதில் இன்றைக்கு எடுத்துக் காட்ட ஒரு குச்சி இல்லை.

வீட்டில் பையன் கடையில் வாங்கின பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டி முடித்தால், "ஹாபி, மூளைக்கு நல்லது" என்று ஷோகேஸில் வைக்கிறார்கள். ரயில் பொம்மை சேர்க்கிற ஆண்களைப் பற்றிப் பத்திரிகையில் படம் போட்டு எழுதுகிறார்கள். நாம் ஐஸ்க்ரீம் குச்சியில் ஒரு திண்ணை வீடு கட்டினால் அது "வேலையத்த வேலை", இல்லாவிட்டால் "பூஜை வேலை". இரண்டுமே சரியில்லை. அதுவும் மாடல் கட்டுகிற கலைதான். என்ன வித்தியாசம் என்றால், அவர்கள் அளவு பார்த்துக் கட்டுகிறார்கள், செய்ததைப் பத்திரப்படுத்துகிறார்கள், அடுத்து எதைச் செய்யலாம் என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள்கிறார்கள். இந்த மூன்றும் நமக்கு வராத வித்தை இல்லை.

முதலில் அளவு. நம் பார்க்கில் அரையடி உயர செட்டியார் கடைக்கு எதிரில் மூன்று அங்குல பஸ் நிற்கும். அந்த பஸ்ஸில் செட்டியார் காலைக்கூட நுழைக்க முடியாது. குழந்தைகள் சிரிக்கிறதே அதைப் பார்த்துத்தான்! நிஜத்தில் ஓரடி என்றால் மாடலில் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை அங்குல பொம்மை ஐந்தரை அடி மனுஷன் ஆகிவிடும். வடக்கு மாட வீதியில் நடைபாதைக் கடைகளில் வாங்குகிற செட் பொம்மைகள் பலவற்றுக்கு இது சுமாராகப் பொருந்துகிறது. நிஜத்தில் 12-க்கு மாடலில் 1 என்கிற இந்தக் கணக்கில்தான் இங்கிலாந்தில் மேரி மகாராணிக்காக 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை வீடு கட்டினார்கள். உள்ளே ஓடுகிற லிஃப்ட், எரிகிற விளக்கு, குழாயில் வருகிற தண்ணீர் எல்லாம் உண்டாம். இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. வரைந்து கொடுத்தவர் யார் தெரியுமா? டெல்லியில் இப்போது ராஷ்டிரபதி பவன் என்று நாம் சொல்கிற மாளிகையைக் கட்டிய அதே எட்வின் லட்யன்ஸ். அவ்வளவு பெரிய கட்டட நிபுணரே பொம்மை வீட்டை விளையாட்டு என்று ஒதுக்கவில்லை.

ஆனால் இதே கணக்கில் கபாலீஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தைச் செய்யப் போனால் மாட்டிக்கொள்வோம். அது சுமார் 120 அடி. மாடல் 120 அங்குலம், அதாவது பத்தடி வரும், சீலிங்கில் இடிக்கும். அதற்குப் பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கோபுரம் ஓரடியில் அடங்கிவிடும். நிஜத்தில் 120-க்கு 1 என்கிற இந்த அளவிலும் வெளிநாடுகளில் ரயில் மாடல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆளோ அரை அங்குலம்தான் வரும். அதனால் கோபுரத்தைப் பின்னால் தனி மேடையில் வைத்து, பெரிய பொம்மைகளை அதன் பக்கத்தில் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் கண்ணுக்கு உறுத்தாது.

அளவு எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கலாம். கட்டடத்தை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, அதில் இருக்கிற வாசல் கதவு ஏறக்குறைய ஏழடி என்று வைத்து, ஸ்கேலால் அளந்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் போட்ட விகிதக் கணக்குதான். பத்தாவதோடு நின்ற எனக்கே வருகிறது. குளத்தை நான் என் காலடியால் அளந்தேன். தினம் சாயந்திரம் சுற்றுகிற இடம்தானே, யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

அடுத்தது, எப்போது முடிவு பண்ணுவது? மகாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் "இந்த வருஷம் என்ன பார்க்?" என்று யோசித்தால் தெர்மாகோல்தான் கதி. விஜயதசமி அன்று குழந்தைகளுக்கு அட்சராப்பியாசம் செய்கிறோம் இல்லையா, அன்றைக்கே அடுத்த வருஷம் கட்டப்போவதை ஒரு பழைய டைரியில் எழுதிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஒட்டினால் பசை காயாது, அட்டை ஊறும். அளந்து வரைய ஏற்ற காலம். மார்கழியை விட்டுவிடுங்கள், கோலத்துக்கே நேரம் போதாது. தை, மாசியில் வெட்டலாம். சித்திரை, வைகாசியில் குழந்தைகள் லீவில் வீட்டில் இருப்பார்கள், வெயிலும் காயும். ஒட்டுகிற வேலை அப்போதுதான். ஆடியில் கல்யாணம் காட்சி கிடையாது, உட்கார்ந்து பெயின்ட் அடிக்கலாம். ஆவணியில் சில்லறை வேலை.

வாரத்தில் இரண்டு மதியம், அரை அரை மணி நேரம் என்றாலே வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம் சேர்ந்துவிடும். டிவி சீரியலில் எவ்வளவு போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஐம்பது மணி நேரத்தில் ஒரு பொருள்தான் ஆகும். "இந்த வருஷம் கோயில், தேர், ரயில்வே ஸ்டேஷன் மூன்றும்" என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. நான் முதல் வருஷம் திண்ணையும் ஓட்டுக் கூரையுமாக ஒரு வீடு. அடுத்த வருஷம் குளம், நடுவில் நீராழி மண்டபம். போன வருஷம் ராஜகோபுரம், அதுவும் வெறும் நிலைகள் மட்டும். சிற்பம் ஒன்றுகூட வைக்கவில்லை. "என்ன, மொட்டையா இருக்கு?" என்றார் ஒரு மாமி. இருக்கட்டும், சிற்பத்துக்கு வேறொரு வருஷம் வரும்.

தெர்மாகோல் வேண்டாம் என்பது என் கட்சி. மூலை உடையும், பொடி உதிரும், சில பசைகளும் ஸ்ப்ரே பெயின்டும் பட்டால் அப்படியே கரைந்து குழி விழும். கல்யாணப் பத்திரிகை அட்டை, கெட்டி மவுண்ட் போர்டு, ஐஸ்க்ரீம் குச்சி, ஃபெவிகால் போதும். உள்ளே இரண்டு கற்பூர வில்லை போட்டு மூடினால் பூச்சியும் வராது. முக்கியமாக, அடியில் பேரும் வருஷமும் எழுதிவிடுங்கள். நம் பேர்தான், வீட்டுக்காரர் பேர் இல்லை!

"இதெல்லாம் ரெடிமேட் செட்டாகவே கிடைக்குதே, எதுக்கு மெனக்கெடணும்?" என்று என் நாத்தனார் கேட்கிறார். பொம்மைகளைக் கட்டாயம் வாங்குவோம். கடலூர் வண்டிப்பாளையம், பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி என்று அதையே நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் கைமண்ணில் வருகிற முகக்களை நமக்கு வராது. மனுஷர்களை அவர்களிடம் வாங்கி, அவர்கள் குடியிருக்கிற தெருவை நாம் கட்டுவோம் என்கிறேன்.

கொலுப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு போட்டிக்கு வந்த நடுவர் எங்கள் வீட்டில் படி எத்தனை, பொம்மை எத்தனை என்று மட்டும் எண்ணிக்கொண்டு போனார். இப்படி எண்ணுவதால்தான் ஏழு படி வைத்தவர்கள் ஒன்பதுக்கு ஆசைப்பட்டுக் கடன் வாங்குகிறார்கள். "இந்த வருஷம் நீங்களே செய்தது எது?" என்று ஒரு கேள்வி சேருங்கள். மூன்று படி வைக்கிற ஒண்டுக்குடித்தன வீட்டுப் பெண்ணும் அப்போது பரிசு வாங்குவாள்.

என் டைரியில் இந்த வருஷத்துக்கு எழுதியிருப்பது மெரினா கலங்கரை விளக்கம். 1977-இல் திறந்தது, சுமார் 150 அடி உயரம். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்றால் 15 அங்குலம். முக்கோண வடிவம் என்பதால் மூன்று பக்கமும் ஒரே அட்டையில் மடித்துவிட்டேன். சிவப்பு, வெள்ளைப் பட்டையும் அடித்தாகிவிட்டது. உச்சியில் விளக்குதான் பாக்கி. சீரியல் பல்பு வைத்தால் அட்டை சூடாகுமோ என்று யோசனை. பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கைச் சுற்றிவரச் செய்யும் வழி தெரிந்த சகோதரிகள் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்களேன். அமாவாசைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

— ஒரு வாசகி, மயிலாப்பூர்