அட்வான்ஸ் கொடுத்தோம்... அல்வா வாங்கினோம்!

ஹாஸ்டல் சாம்பாருக்கு டாட்டா காட்டிட்டு, வெளியில வீடு எடுத்துத் தங்கலாம்னு ப்ளான் போடுற மக்களே... ஒரு நிமிஷம்! போன செமஸ்டர் லீவுல எங்க நாலு பேருக்கு விழுந்த அடியைக் கேட்டுட்டு, அப்புறம் பெட்டியைக் கட்டுங்க.

சென்னை, வேளச்சேரி. மாடி போர்ஷன், ரெண்டு பெட்ரூம், வாடகை 16 ஆயிரம். ‘பேச்சுலர்ஸுக்குத் தர்றதில்லை’ங்கிற பல்லவியை பதினோரு வாசல்ல கேட்டுட்டு வந்த எங்ககிட்ட, ‘படிக்கிற பசங்கதானே, தாராளமா வாங்க தம்பி’ன்னார் ஹவுஸ் ஓனர் அங்கிள். எங்களுக்குக் கண்ணே கலங்கிடுச்சு!

டோக்கன் அட்வான்ஸ் 20 ஆயிரம். 15 ஆயிரத்தை ஜீபேல அனுப்பினோம். மீதி 5 ஆயிரம் ரொக்கம். அது எங்க கோவில்பட்டிக்காரனோட பங்கு. அவங்க அம்மா கம்மலை அடகு வெச்சு, ஊர்ல இருந்து வந்தவர்கிட்ட கொடுத்து அனுப்பின காசு. ‘ரசீது அங்கிள்...’னு இழுத்தோம். ‘ஒண்ணாம் தேதி அக்ரிமென்ட்ல எல்லாத்தையும் போட்டுக்கலாம்’னார். பெரியவங்க சொன்னா சரின்னு ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டோம்.

29-ம் தேதி ராத்திரி போன். ‘தம்பி, பொண்ணு குடும்பத்தோட வர்றா. நீங்க வேற இடம் பார்த்துக்குங்க.’ கட்! மறுநாள் 15 ஆயிரம் ஜீபேல திரும்பி வந்தது. மீதி? ‘கேஷா... எப்ப குடுத்தீங்க?’

நேர்ல போனோம். பொண்ணும் வரலை, பேரனும் வரலை. மாடியில வேறொரு குடும்பம் பால் காய்ச்சிட்டு இருந்தாங்க. வாடகை 19 ஆயிரமாம்!

நாங்க மூணு பேரும் எகிறினோம். கோவில்பட்டிக்காரன் மட்டும் பேசவே இல்லை. தன் செருப்பையே பார்த்துட்டு நின்னான். அப்போ உள்ளே இருந்து ஆன்ட்டி குரல்... ‘குடுத்தாங்களே! பால் கணக்கு காலண்டர்ல நான்தான் எழுதி வெச்சேன்.’ அங்கிள் முகத்துல ஈயாடலை. அஞ்சு நிமிஷத்துல பணம் கைக்கு வந்துடுச்சு. ஆனா, ஃப்ரெண்ட்ஸ் ரூம் தரையில படுத்த ராத்திரிகளும், ஹாஸ்டலுக்கு மறுபடி கட்டின ஃபீஸும்? போயே போச்சு!

அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டினோம். 2019-ல நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும்; வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும். ரெண்டு தரப்பும் வேற மாதிரி ஒத்துக்காத வரைக்கும், அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. பேச்சை மீறினதால வர்ற நஷ்டத்துக்கு ஈடு கேட்க, 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 73-வது பிரிவே இருக்கு. ஆனா, சில ஆயிரத்துக்காக செமஸ்டரை விட்டுட்டு கோர்ட் படி ஏறப்போறது யாரு? அந்தத் தைரியத்துலதான் சில பேர் வாக்கு மாறுறாங்க.

அதனால மக்களே... டோக்கன் கொடுக்குற அன்னிக்கே ஒரு வெள்ளைத்தாள் எடுங்க. எவ்வளவு, எதுக்கு, என்னிக்கு குடிவர்றீங்க, அவர் பின்வாங்கினா எத்தனை நாள்ல பணம் திரும்பணும், நீங்க பின்வாங்கினா என்ன கழிப்பார்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ரொக்கம் வேண்டவே வேண்டாம். சாவி கைக்கு வர்ற வரைக்கும் ஹாஸ்டல் ரூமை விடாதீங்க. ‘எழுதிக் கேட்டா மரியாதைக் குறைச்சலா நினைப்பாரோ’ன்னு கூச்சமா இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கூச்சத்தோட விலை ஒரு கம்மலா ஆகியிருக்கும்!

கம்மலை மீட்டாச்சு. கோவில்பட்டிக்காரன் இப்பல்லாம் பத்து ரூபா டீக்கு கடன் கொடுத்தாலும் நோட்டுல எழுதி, நம்ம கையெழுத்தையும் வாங்கிடுறான். நாங்களும் மறு பேச்சு பேசாம போட்டுக் கொடுத்துடுறோம்!