துளைக்கு மட்டும்தான் கூலியா?

கட்டி முடிந்த கான்கிரீட் தளத்தில் குழாய் இறக்க ஒரு துளை வேண்டும். ஆள் வருகிறார், இயந்திரத்தை நிறுத்துகிறார், துளைத்துவிட்டுப் போகிறார். “ஒரு ஓட்டைக்கு இவ்வளவு பணமா?” என்று வீட்டுக்காரர் வாயைப் பிளக்கிறார். நம்மில் பலர் நாளை அந்த வீட்டுக்காரரின் இடத்தில் நிற்கப் போகிறவர்கள்தாம். அலுவலகத்திலோ பள்ளியிலோ சொந்த வீட்டிலோ கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்கப் போகிறவர்கள். அதனாலேயே, பொறியியல் கல்லூரி மலரில் வரவேண்டிய பொருளைக் கலைக் கல்லூரி மலரில் எழுதத் துணிகிறேன்.

துளைக்கு இவ்வளவு என்றோ, அங்குலத்துக்கு இவ்வளவு என்றோ கூலி பேசும் வழக்கமே தவறானது என்பது என் கருத்து. இந்த வேலையில் உயிரைக் காப்பது துளைக்கும் நேரமன்று, அதற்கு முந்திய நேரம். அந்த நேரத்துக்கு நாம் காலணாவும் கொடுப்பதில்லை.

தொழிலில் இதைக் ‘கோர் கட்டிங்’ என்பார்கள். இயந்திரத்தின் பிட், உள்ளே கூடான ஓர் எஃகுக் குழாய். அதன் வாய் விளிம்பில் வைரத் துகள் கலந்த உலோகத் துண்டுகள் பல் போல ஒட்டப்பட்டிருக்கும். குழாய் சுழன்று வட்டமாக அறுக்க, நடுவில் ஓர் உருளை மிஞ்சும், அதுவே கோர். இதில் புதுமை அதிகமில்லை என்றுகூடச் சொல்லலாம். பண்டை எகிப்தியர் குழாய் வடிவத் துரப்பணத்தால் கருங்கல்லைக் குடைந்தனர் என்று, கீசாவில் கண்ட தடயங்களைக் கொண்டு ஆய்வாளர் பெட்ரி 1883-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். எகிப்தியனுக்கு மின்சாரம் இல்லை. ஆகவே அந்த ஆபத்தும் இல்லை!

நமக்கு இருக்கிறது. துளைக்கும்போது பிட்டின் வழியே இடைவிடாமல் தண்ணீர் பாய வேண்டும். அது வைரப் பற்களைக் குளிர்விக்கிறது, அறுபட்ட துகளைக் குழம்பாக்கி வெளியேற்றுகிறது, தூசியை அடக்குகிறது. தண்ணீரைப் பிடிக்க ஆளில்லை என்று உலர்வாகவே துளைப்போர் உண்டு. கான்கிரீட் தூசியில் இருப்பது சிலிகா. நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் நோய்க்கு அதுவே காரணம். சுவாசத்தில் சேரும் படிகச் சிலிகா மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. ஆகவே தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஒரே இயந்திரத்தில், ஒரே ஆளின் கையில்! நில இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. நம் கட்டடங்களில் நடப்பது என்ன? பிளக் இல்லாத ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் இறுக்குகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்பவர்களில் பட்டதாரிகளும் உண்டு.

மின்சாரம் பற்றிய அச்சமாவது எல்லோருக்கும் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருப்பதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. தளத்தில் கம்பி எங்கே ஓடுகிறது, மின் ஒயர் செல்லும் குழாய் எங்கே, இந்த இடத்துக்குக் கீழே உத்திரம் இருக்கிறதா என்பதைத் துளைக்கும் தொழிலாளி ஊகிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வரைபடத்தைப் பார்த்து, கம்பி காட்டும் கருவியால் சோதித்து, சாக்பீசால் குறியிட்டுக் கொடுப்பது பொறியாளரின் கடமை. பின்னிழுவிசைக் கம்பிகள் உள்ள தளமானால் சொல்லவே வேண்டாம். முறுக்கேற்றிய வில்லின் நாண் போல் அவை இழுபட்டிருக்கின்றன. ஒன்றை அறுத்தால் ஆளுக்கும் ஆபத்து, தளத்துக்கும் ஆபத்து.

அடுத்து, கீழ்த்தளம். ஆறங்குல விட்டத்தில் ஆறங்குலத் தளத்தைத் துளைத்தால் கழன்று விழும் உருளை ஏறக்குறைய ஆறரைக் கிலோ. விட்டத்தை இரட்டித்தால் எடை நான்கு மடங்கு. பத்தடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்தில் வரும் என்பதை முதலாண்டு இயற்பியல் மாணவரும் கணக்கிட்டுவிடுவார். கீழே கயிறு கட்டி மறித்து ஓர் ஆளைக் காவல் நிறுத்த வேண்டும். உருளையைத் தாங்க முட்டும் கொடுக்க வேண்டும். அந்தக் காவலாளுக்குச் சம்பளம் யார் தருவது?

ஸ்டாண்டைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் கான்கிரீட்டில் பிடிக்க வேண்டும். மேற்பூச்சிலும் ஓட்டிலும் பிடித்தால் போதாது. பிட் கம்பியில் சிக்கி நிற்கும் கணத்தில், சுழற்சியின் முழு விசையும் ஸ்டாண்டின்மேல் திரும்புகிறது. பிடி தளர்ந்திருந்தால் ஸ்டாண்டே சுழன்று ஆளை அடிக்கும். கையில் பிடித்துத் துளைக்கும் சிறு இயந்திரமானால் மணிக்கட்டை முறிக்கும். லுங்கியும் தோளில் துண்டுமாக நிற்பவரைப் பிட் சுற்றி இழுத்துக்கொள்வதும் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தால் இயக்குவது பொறுமையின் வேலைதான். பெரிய பிட்டுக்குக் குறைந்த சுழற்சி, சிறியதற்கு மிகுந்த சுழற்சி. முதலில் தண்ணீர், பிறகு சுழற்சி, அதன்பின் மெதுவாகக் கான்கிரீட்டைத் தொடுதல். குழம்பில் இரும்புத் துகள் வந்தால் நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கேட்க வேண்டும். பிட் சிக்கினால் ஸ்விட்சை மாற்றி மாற்றித் தட்டாமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பானரால் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.

“தொழிலாளிகளே கவனமில்லாதவர்கள், சொன்னால் கேட்பதில்லை” என்று சிலர் வாதிடுவர். ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நாளொன்றுக்கு எத்தனை துளை என்று எண்ணிக் காசு கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் கம்பி தேடவில்லையே என்று அவரைக் குறை கூறுவது எந்த நியாயம்? நிறுத்திய ஒவ்வொரு நிமிடமும் அவர் வீட்டு அரிசியில் குறைகிறது. தேர்வில் பக்கத்துக்கு இவ்வளவு மதிப்பெண் என்று அறிவித்தால் நாம் மட்டும் சிந்தித்தா எழுதுவோம்?

ஆகவே வேலைச் சீட்டில் இரண்டு வரி சேர்க்கட்டும். ஒன்று, ஆயத்தப் பணிக்கும் கீழ்த்தளக் காவலுக்கும் தனிக் கூலி. மற்றொன்று, ஐயம் வந்து வேலையை நிறுத்தினால் அந்த நேரத்துக்கும் கூலி. அரசுக் கட்டடங்களில் இதைத் தொடங்கலாம். நம் கல்லூரியில் அடுத்த முறை குழாய் வேலை நடக்கும்போதே தொடங்கலாம். இயந்திரத்தோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் கூடி உட்கார்ந்தால், அதன் எச்சரிக்கைப் பக்கங்களை ஒரு விடுமுறைக்குள் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதிவிடலாம். பேராசிரியர்கள் இசைந்தால் முதல் படியை எழுத நான் அணியமாக இருக்கிறேன்.