தண்ணீரில் ஓடுமா வண்டி?

பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தொட்ட காலத்திலிருந்து கைப்பேசித் திரைகளில் ஒரு காட்சி ஓயாமல் வலம் வருகிறது. எவர்சில்வர் தகடுகளை அடுக்கிய ஒரு ஜாடி. அதனுள் தண்ணீரும் சிறிது காஸ்டிக் சோடாவும். இரு முனைகளில் பேட்டரி ஒயர்கள். இணைப்புக் கொடுத்ததும் குமிழிகள் பொங்குகின்றன. அந்த வாயு ரப்பர் குழாய் வழியே இன்ஜினுக்குச் செல்கிறது. பெட்ரோல் செலவு பாதியாகக் குறைந்துவிட்டதாக ஒரு குரல் அறிவிக்கிறது. கீழே கருவியின் விலையும் தொடர்பு எண்ணும் இருக்கின்றன.

குமிழிகள் பொய்யல்ல. வோல்ட்டா உருவாக்கிய மின்கலம் பற்றிய செய்தி 1800-ஆம் ஆண்டு இங்கிலாந்தை எட்டியவுடன், நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அதைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டிவிட்டனர். இன்று பென்சில் கரியும் 9 வோல்ட் பேட்டரியும் இருந்தால் பள்ளி மாணவரும் அதைச் செய்யலாம். மோசடி குமிழியில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் எடுக்கும் ஆறு அறைகள் கொண்ட கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபாரடே வகுத்த விதியின்படி, எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டிருந்தாலும் அது மணிக்கு 4.5 கிராம் ஹைட்ரஜனுக்கு மேல் தராது. இரு வாயுக்களும் சேர்ந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். பார்வைக்கு மிகுதியாகத் தோன்றும் இந்த வாயுவில் உள்ள ஆற்றல், சுமார் 17 மில்லி லிட்டர் பெட்ரோலில் உள்ளதற்குச் சமம். அதை உண்டாக்கக் கருவி விழுங்கும் மின்சாரமோ 240 வாட். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது எது? அதே இன்ஜின், அதே பெட்ரோல். இன்ஜின் தன்னிடம் வரும் ஆற்றலில் கால் பங்கை மட்டுமே சுழற்சியாக மாற்றுகிறது; ஆல்டர்னேட்டர் அதில் பாதிக்குச் சற்று அதிகமானதை மின்சாரமாக்குகிறது. ஆக, 17 மில்லி பெட்ரோலுக்கு ஈடான வாயுவைப் பெற ஏறத்தாழ 190 மில்லி பெட்ரோலை எரிக்க வேண்டியிருக்கிறது. கொல்லைக் கிணற்றில் இறைத்த நீரை அதே கிணற்றில் கொட்டி நீர்மட்டம் உயரும் எனக் காத்திருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டென்றால், இங்கே வழியிலேயே பெரும்பகுதி சிந்திவிடுகிறது என்பதுதான்.

விற்பவர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. ஹைட்ரஜன் எரிபொருளாக அல்ல, பெட்ரோல் முழுமையாக எரியத் துணைபுரியவே சேர்க்கப்படுகிறது என்பார்கள். இன்றைய இன்ஜின்களில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை முழுவதும் எரித்தாலும் பாதிச் செலவு மிச்சமாகாது. ஆயினும் பயன்படுத்தியவர் சிலர் மைலேஜ் கூடியதாக மனமார நம்புகின்றனர். கருவி பொருத்தும்போது ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றப்படுவதுண்டு. காசு போட்டவர் அதன்பின் நிதானமாக வண்டி ஓட்டுவதும் இயல்பு. சில கருவிகளுடன் வரும் மின்னணுப் பெட்டி, இன்ஜினின் உணரியை ஏமாற்றிப் பெட்ரோலைக் குறைத்து ஊட்டுகிறது. அதன் விலையைப் பின்னர் இன்ஜின் கொடுக்கிறது.

இந்தக் கனவு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் வண்டி என்று கூறி முதலீடு திரட்டினார். நிபுணர்கள் சோதித்தபோது அவரது கருவி வழக்கமான மின்னாற்பகுப்பையே செய்தது. 1996-இல் நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என அறிவித்துப் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. பாகிஸ்தானில் 2012-இல் இதே கூற்றுடன் வந்த ஒருவரின் கார் பவனியை அமைச்சர்களே வியந்து பார்த்தனர். இயற்பியலாளர் பர்வேஸ் ஹூத்பாய் போன்ற சிலர்தான் தொலைக்காட்சியில் எதிர்நீச்சல் போட வேண்டியிருந்தது. நாமும் சிரிக்க முடியாது. மேயர் தீர்ப்புப் பெற்ற அதே 1996-இல்தான் இராமர் பிள்ளையின் மூலிகைப் பெட்ரோல் தமிழகத்தை ஆட்கொண்டது. விற்கப்பட்டது டொலுவின், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்று சிபிஐ வழக்குத் தொடர, 2016-இல் சென்னை நீதிமன்றம் தண்டனை விதித்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளில், பெரிய நிறுவனங்கள் ஓர் ஏழையின் கண்டுபிடிப்பை நசுக்கிவிட்டன என்ற கதை வேரூன்றிவிட்டது. ஒவ்வொரு புதிய தண்ணீர்க் கருவியும் அந்தக் கதையின் நிழலில்தான் விற்பனையாகிறது.

பணம் போவது ஒருபுறமிருக்க, உயிர் போகும் வாய்ப்பும் உண்டு. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். வீட்டுக் கருவிகளிலோ அது ஆக்சிஜனுடன், வெடிப்பதற்கு மிகப் பொருத்தமான விகிதத்தில், ஒரே குழாயில் வருகிறது. ஒரு சிறு பொறி பின்னோக்கிப் பாய்ந்தால் ஜாடியே குண்டாகிவிடும். உள்ளிருக்கும் காஸ்டிக் கரைசல் கண்ணில் தெறிக்கும். காஸ்டிக் கிடைக்காமல் சமையல் உப்பைப் போடுபவர்கள் குளோரின் வாயுவைச் சுவாசிக்கின்றனர். எவர்சில்வர் தகடு அரிப்பதால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கிறது. தேர்ந்த பொறியாளர்கள் பணியாற்றிய இடத்திலேயே, தென்கொரியாவின் கங்னுங் நகரில் 2019 மே மாதம், ஹைட்ரஜன் தொட்டியில் ஆக்சிஜன் கலந்ததால் நேர்ந்த வெடிப்பில் இருவர் உயிரிழந்தனர்.

இதே வேதிவினையைத்தான் இந்திய அரசு தேசியக் கொள்கையாக்கியிருக்கிறது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டுள்ளது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலும் முன்னோட்ட நிலையம் அமைந்துள்ளது. அது மட்டும் எப்படிச் சரியாகும் என்று வாசகர் கேட்கலாம். அங்கே எவரும் தண்ணீரை எரிபொருள் என்று கூறுவதில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும், திரும்பக் கிடைப்பது 33 யூனிட்தான் என்று ஒப்புக்கொண்டே தொடங்குகின்றனர். சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தைச் சேமிக்கவும், உரம், எஃகு ஆலைகளில் நிலக்கரியையும் எரிவாயுவையும் விலக்கவும் அந்த இழப்பை ஏற்கின்றனர்.

அந்தக் கணக்கையும் குடிமக்கள் கேட்டுப் பெற வேண்டும். 50 லட்சம் டன்னுக்கு வேண்டிய மின்சாரம், தமிழகம் ஓராண்டில் நுகர்வதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பிரிபடும் தண்ணீர் மட்டும் சுமார் 1.6 டிஎம்சி, சுத்திகரிப்புக்கும் குளிர்விப்புக்கும் ஆவது தனி. கோடையில் தாமிரபரணியை நம்பிக் குடங்களுடன் நிற்கும் மாவட்டத்தில் ஆலைகள் பெருகும்போது, அவை கடல்நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துமா, ஆற்றில் கை வைக்குமா என்பது சிறிய கேள்வியன்று. ஜாடியின் குமிழியில் மயங்கும் சமூகத்தால் இந்தக் கேள்வியைக் கேட்க இயலாது.

சட்டங்கள் இருக்கின்றன. உற்பத்தியாளரின் வடிவமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இவை தண்ணீர்க் கருவி விற்பவர்மீது பாய வேண்டும். ஆர்வத்தால் கொட்டகையில் தகடுகளை அடுக்கிப் பார்க்கும் இளைஞர்மீது அல்ல. அந்த இளைஞரை ஏளனம் செய்து அனுப்பினால் அடுத்து அவர் சேருமிடம் மோசடிக்காரரின் முகவர் பட்டியலாகத்தான் இருக்கும். மாவட்டத்துக்கு ஓர் அரசு பாலிடெக்னிக்கிலாவது, சிறு கட்டணத்தில் எவரும் தம் கருவியைக் கொண்டுவந்து சோதித்துச் சான்று பெறும் வசதியை அரசு ஏற்படுத்தலாம். சோதனை கடினமானதன்று. ஒரு லிட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றி, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், கருவியை இணைத்துப் பத்து முறையும் துண்டித்துப் பத்து முறையும் ஓட்ட வேண்டும்; எந்த முறை இணைப்பில் இருந்தது என்பது ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது. அதுவரை, கருவி வாங்க எண்ணுபவர்கள் இந்தச் சோதனையைத் தம் கண்முன் நடத்திக் காட்டுமாறு விற்பவரிடம் கேட்கலாம்; முன்பணம் கொடுப்பதற்கு முன்பே.