சின்னப் பெட்டி போதுமா?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பது இன்று ஆடம்பரம் அல்ல. ஒரு காலத்தில் தையல் எந்திரம் எப்படிப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டதோ, அப்படிப் பிழைப்புக்கு உதவும் சாமானாக அது ஆகிவிட்டது.

தென்காசி வட்டாரத்தில் இது கண்கூடு. 2011-ம் ஆண்டில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போனால்தான் கம்ப்யூட்டர் வேலை என்ற எண்ணம் அன்று முதல் மாறத் தொடங்கியது. 2020-ல் கொரோனா வந்தபோது வீட்டில் இருந்தே வேலை பார்க்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது.

ஆகவே, மகனுக்கோ மகளுக்கோ ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று பெற்றோர் பணம் சேர்க்கிறார்கள். பிள்ளைகளும் சாமர்த்தியசாலிகள். உதிரிப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொண்டால் செலவு குறையும், பாடமும் ஆகும் என்று கணக்குப் போடுகிறார்கள். நல்ல கணக்கு.

ஆனால் ஒரு குறை. மதர்போர்டு எது, பிராசசர் எது என்று நாலு பேரிடம் விசாரிக்கிறவர்கள், அத்தனையையும் பூட்டி வைக்கும் பெட்டியைப் பற்றி மட்டும் விசாரிப்பதில்லை. கடைக்காரர்கள் ‘கேபினெட்’ என்று சொல்லும் அந்தப் பெட்டியைப் படத்தில் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடுகிறார்கள். அதிலும் இப்போது சின்னப் பெட்டியின் மேல் மோகம் அதிகம்.

சின்னப் பெட்டி நல்லதுதான். ஆனால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஏற்றது மிகச் சின்னப் பெட்டி அல்ல. அதற்கு அடுத்த அளவு. இதுதான் என் கட்சி.

குடக் கணக்கு

பெட்டியின் அளவை லிட்டரில் சொல்வது வழக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்றில் சுமார் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய பெட்டி 45 செ.மீ. உயரம், 45 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம் இருந்தால், அது 42 லிட்டருக்கு மேல். அதாவது ஏறக்குறைய மூன்று குடம்! மிகச் சின்னப் பெட்டி ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே 25 முதல் 30 லிட்டர் வரை உள்ள பெட்டிகள் இருக்கின்றன. அவை இரண்டு குடம்.

பீரோ, கட்டில், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் மூன்று குடப் பெட்டிக்கு இடம் ஏது? அதன் உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். ஆகவே பெரிய பெட்டியை நானும் சிபாரிசு செய்யவில்லை. ஒரு குடமா, இரண்டு குடமா என்பதுதான் கேள்வி.

மூன்று பலகைகள்

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது மதர்போர்டு. அதில் மூன்று அளவுகள் முக்கியமானவை.

1995-ல் இன்டெல் நிறுவனம் கொண்டுவந்தது ஏ.டி.எக்ஸ். அதன் அளவு 305 மி.மீ.க்கு 244 மி.மீ. இரண்டு ஆண்டு கழித்து அதன் தம்பி மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வந்தது. அது 244 மி.மீ. சதுரம். 2001-ல் தைவானைச் சேர்ந்த வியா நிறுவனம் 170 மி.மீ. சதுரத்தில் மினி ஐ.டி.எக்ஸ். பலகையை அறிமுகம் செய்தது. ஒரு குடப் பெட்டிக்குள் போவது பெரும்பாலும் இந்தக் கடைக்குட்டிதான்.

கடைக்குட்டிக்குச் செல்லம் அதிகம், செலவும் அதிகம்! அதே வேலையைச் செய்யும் மைக்ரோ பலகையைவிட மினி பலகையின் விலை பொதுவாகக் கூடுதல். பின்னால் வேறு அட்டைகள் செருகவும் ஒரே ஓர் இடம்தான் இருக்கும்.

மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். விஷயமும் அப்படியே. சாதாரண ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்டது. மிகச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் அது நுழையாது. எஸ்.எப்.எக்ஸ். என்ற சிறிய ரகம் வேண்டும். அதற்கும் விலை கூடுதல்.

சாரலும் தூசியும்

பெட்டி வாங்குவதற்கு ஊரின் பருவத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். அவசியம் பார்க்க வேண்டும்.

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சீசன். ஐந்தருவியிலும் பேரருவியிலும் தண்ணீர் கொட்டுகிறது. வெளியூர்க்காரர்கள் குளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தச் சாரலோடு குடியிருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்லவா? கொடியில் போட்ட துணி காயாது. தீப்பெட்டி நமுத்துப் போகும். அந்த ஈரக்காற்றைத்தான் கம்ப்யூட்டரும் சுவாசிக்கிறது.

அதே மாதங்களில் கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போய்ப் பாருங்கள். மழை குறைவு, காற்று பலம். காற்றாலைகள் சுற்றுகின்றன, புழுதியும் பறக்கிறது. ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் ஈரம், மறு பக்கம் தூசி! தென்காசி நகரமோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

தூசி மட்டும் தனியாக வந்தால் ஊதித் தள்ளிவிடலாம். ஈரம் மட்டும் வந்தால் கம்ப்யூட்டரின் சொந்தச் சூட்டிலேயே உலர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பசை போல ஒட்டிக்கொண்டு, செம்பையும் ஈயத்தையும் மெல்ல அரிக்கும்.

வெயில் காலத்தில் தொல்லை வேறு. சித்திரை மாதத்தில் அறையே 35 டிகிரி இருந்தால், பெட்டிக்குள் அதைவிடக் கூடத்தான் இருக்கும். பிராசசரின் சூடு 95, 100 டிகிரியை நெருங்கினால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயிலில் கரைந்து போகிறது!

கோபுர வாசல் காற்று

தென்காசி காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். சீசன் நாளில் ஆளையே தள்ளும். ஒரு புறம் நுழைந்து மறு புறம் வெளியேற நேரான வழி இருப்பதால் அந்த வேகம்.

கம்ப்யூட்டர் பெட்டிக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். முன்பக்கம் சல்லடைத் தகடு, அதன் பின்னால் 120 மி.மீ. விசிறி ஒன்று, பின்பக்கம் சூட்டை வெளியேற்ற மற்றொன்று. இவ்வளவு போதும். உள்ளே வரும் காற்று வெளியே போகும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருந்தால், தூசி இண்டு இடுக்கு வழியே நுழையாது. வடிகட்டி இருக்கும் வழியாகத்தான் காற்று வரும்.

ஒரு குடப் பெட்டியில் இந்த இரண்டு விசிறிகளுக்கும் பெரும்பாலும் இடம் இல்லை. சின்ன விசிறிகளைப் போட்டால் அவை அதிக வேகத்தில் சுற்ற வேண்டியிருக்கும். இரவில் படிக்கும் பிள்ளையின் பக்கத்தில் வண்டு ரீங்காரம் போடுவது போலச் சத்தம் கேட்கும்.

முன்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்து, உள்ளே வண்ண விளக்குகள் போட்ட பெட்டிகளும் வருகின்றன. கண்ணுக்கு அழகுதான். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு பொட்டு வைத்தால் எப்படி? பக்கவாட்டில் கண்ணாடி இருந்தால் இருக்கட்டும். முன்பக்கம் சல்லடை இருக்க வேண்டும்.

பழுது வந்தால்?

என் கட்சிக்கு இதுதான் முக்கியமான ஆதாரம். எந்தப் பொருளுக்கும் ஒருநாள் பழுது வரும். கம்ப்யூட்டரில் முதலில் பழுதாகக்கூடிய பாகங்களில் ஒன்று எஸ்.எம்.பி.எஸ்.

சாதாரண ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். என்றால், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் கேட்கலாம். மிஞ்சிப் போனால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால் போதும். சிறிய ரகம் என்றால் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். பார்சல் வரும் வரை வேலை நிற்கும். சென்னையில் இருப்பவர் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் வாங்கி வந்துவிடுவார். தென்காசிக்காரர் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு பயணம் செய்தா வாங்க முடியும்?

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாலு நாள் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால், அது வெறும் அசௌகரியம் அல்ல. சம்பளத்துக்கே ஆபத்து. பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கும் அப்படித்தான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிராசசர் பழசாகும், மதர்போர்டு பழசாகும். பெட்டி மட்டும் லேசில் பழசாகாது. ஏ.டி.எக்ஸ். குடும்பத்துப் பலகைகளின் திருகுத் துளைகள் 1995-ல் வகுத்த முறைப்படியே இன்றும் இருக்கின்றன. இன்று வாங்கும் இரண்டு குடப் பெட்டியில் ஆறேழு வருஷம் கழித்துப் புதுப் பலகையைப் பூட்டலாம். அதில் மினி பலகையையும் பூட்டலாம். சின்னப் பெட்டியிலோ பெரிய பலகை ஒருபோதும் நுழையாது.

சிலர் கேட்கலாம்

“இவ்வளவு தொல்லை எதற்கு? மடிக் கணினி வாங்கிவிட்டால் போகிறது!” என்பார்கள். ஊர் ஊராகப் போகிறவருக்கு அது சரி. ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு, பாகம் பாகமாக மாற்றக்கூடிய கம்ப்யூட்டரே சிக்கனம்.

“உள்ளங்கை அகலத்தில் ஒரு லிட்டர் கம்ப்யூட்டர் வருகிறதே?” என்பார்கள். கடைக் கணக்கு எழுத, கடிதம் அடிக்க அது போதும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது முழுதாக வாங்கும் பொருள். பூட்டிக்கொள்ளும் பொருள் அல்ல.

“மிகச் சின்னப் பெட்டியையும் சாமர்த்தியமாகப் பூட்டினால் குளிர்ச்சியாகவே ஓடும்” என்பார்கள். உண்மைதான். ஒவ்வொரு மில்லிமீட்டரையும் அளந்து, நல்ல பாகங்களாகத் தேடிப் போட்டால் ஓடும். ஆனால் முதன்முதலாகப் பூட்டுகிற பிள்ளைக்கு, வீட்டாரின் சேமிப்பை வைத்து அந்தப் பரீட்சை வேண்டாம் என்கிறேன்.

அளந்து வாங்குங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். பிராசசரின் மேல் உட்காரும் விசிறியின் உயரம், கிராபிக்ஸ் அட்டையின் நீளம், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ரகம். பெட்டியின் விவரக் குறிப்பில் இந்த மூன்றுக்கும் எவ்வளவு இடம் என்று போட்டிருப்பார்கள். 120 மி.மீ. விசிறி வைத்த உயரமான குளிர்விப்பான் 150, 160 மி.மீ. வரை இருக்கும். படிப்புக்கும் கணக்குக்கும் கிராபிக்ஸ் அட்டை வேண்டியதே இல்லை. பிராசசரிலேயே அந்த வசதி உள்ள ரகம் போதும், சூடும் குறையும்.

தூசி வடிகட்டி கையால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கழுவினால் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். பின்பக்கம் உபயோகிக்காத துளைகளைத் தகட்டால் மூடுங்கள். திறந்து கிடந்தால் பல்லி குடிபுகும். அதன் உயிரும் போகும், உங்கள் மதர்போர்டும் போகும்.

சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நாலு விரல் இடைவெளி விடுங்கள். சாரல் அடிக்கும் ஜன்னல் ஓரம் வேண்டாம். சீசன் மாதங்களில் வாரக்கணக்கில் மூடிப் போடாமல், இடையிடையே ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டி இரும்புத் தகடு என்பதை மறக்க வேண்டாம். எர்த் இணைப்பு உள்ள மூன்று துளைப் பிளக்கில்தான் செருக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் தொட்டவுடன் சுருக்கென்று இழுக்கும். அப்படி இழுத்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெட்டியைப் பார்த்து யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. உள்ளே நடக்கும் வேலைக்குத்தான் கொடுக்கிறார்கள். அந்த வேலை சாரலிலும் வெயிலிலும் நிற்காமல் நடக்க, ஒரு குடம் இடம் கூடுதலாகக் கொடுத்தால் குறைந்தா போவோம்?